இலையில் உட்கார்ந்தவரிடம்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்க. அந்த ஃபேன் போடுகிற கடகட சத்தத்தில் அங்கே இருந்தால் நான் பேசுவது கேட்காது. உங்க ஆளையும் உள்ளே விட்டாச்சா? அப்ப மத்தியானம் வரைக்கும் நமக்கு இந்த பெஞ்சுதான்.

முதலில் அந்த டிபனைச் சாப்பிட்டு முடிங்க. அவசரமே இல்லை. நான் சொல்லப்போவது குறை. சாப்பிடுகிற ஆளிடம் குறை சொல்லக்கூடாது. மெதுவாகச் சாப்பிடுங்க.

ஆச்சா? கையும் கழுவியாச்சா? சரி.

என் பேர் கொம்பையா. ஆற்றுக்கு மேற்கே மேட்டில் ஒரு அரசாங்க பங்களா இருக்கிறதே, பயணியர் மாளிகை என்று போர்டு போட்டிருப்பார்கள், அங்கே சமையல், காவல், பெருக்குவது, பூச்செடிக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் நான்தான். வீடு ஆற்றுக்குக் கிழக்கே, இலுப்பைவிளை. உள்ளே மெஷினில் படுத்திருக்கிறது என் வீட்டுக்காரி சொர்ணம். கிட்னி இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை இங்கே கொண்டுவந்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக் கூட்டிப்போகணும். ஒரு தடவை தவறினால் கால் வீங்குகிறது. அடுத்ததும் தவறினால் மூச்சு இழுக்கிறது. அதற்கடுத்த தடவையைப் பற்றி டாக்டரம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மற்ற மாதமெல்லாம் எங்கள் ஆற்றில் கோழிகூட நடந்து போகும். ஐப்பசி, கார்த்திகையில் அது வேறு ஆறு. அப்போது மேற்கே இருக்கிற இந்த ஆஸ்பத்திரிக்கு வரணும் என்றால் மலையடிவாரம் வரைக்கும் சுற்றிக்கொண்டு வரணும். அதற்காகத்தான் பாலம் கேட்டோம். பாலமும் வந்துவிட்டது. நல்ல பாலம். ஆனால் பாருங்க, பாலம் கிழக்குக் கரையில் எங்கே இறங்குகிறதோ அங்கே ஒரு தோப்பு. தோப்புக்காரர் ஒரு சாண் இடம் தர மாட்டேன் என்று நின்றுவிட்டார். அதனால் மேடாகவே ஊருக்குள் போகவேண்டிய ரோடு, தோப்பைச் சுற்றிப் பள்ளத்தில் இறங்கி, பிறகு ஏறுகிறது. அந்தப் பள்ளம்தான் வெள்ளத்தில் ஆறு முதலில் வந்து படுக்கிற இடம். இது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். இஞ்சினியர் ரத்தினவேல் சாருக்கும் தெரியும். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான்.

இப்போது அந்தப் பாலத்துக்குப் பச்சை போட்டுவிட்டார்கள். பச்சை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். இனி யாரும் பார்க்க வர மாட்டார்கள். இது ஆவணி. ஐப்பசிக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது?

எனக்கு மேகலா மேடம் மேல்தான் வருத்தம். ரத்தினவேல் சார் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் கெட்டிக்காரர். சொர்ணத்துக்கு இங்கே மெஷினில் இடம் கிடைக்காமல் நான் அலைந்தபோது, ஆஸ்பத்திரிக்கு நேரே வந்து, பெரிய டாக்டர் அறை வாசலில் எனக்காக நின்றவர். அதை மறந்தால் எனக்கு சோறு கிடைக்காது.

மேடம் மெட்ராஸ்காரர். பெரிய இஞ்சினியர். பங்களா ஹாலில் சுற்று வட்டாரத்து இஞ்சினியர்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்க வந்தார். நான் டீ கொடுத்துக்கொண்டே கேட்டேன். வேலை எல்லாம் முடிந்தபிறகு வந்து தப்புக் கண்டுபிடிக்கிறார்களே ஆடிட், அது இல்லையாம் இது. வேலை நடக்கும்போதே, அதே துறையில் வேறு இடத்து ஆட்கள் வந்து, இது தேறுமா தேறாதா என்று பார்த்து, மேலிடத்துக்குச் சொல்வதாம். உள் ஆய்வு என்று பேர். தேறும் என்றால் பச்சை, சரி பண்ணினால் தேறும் என்றால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வயசான இஞ்சினியர் ஒருவர் எழுந்தார். “மேடம், மஞ்சள் எங்க ஊர்ல மங்களமாச்சே. அதுக்கு எவனும் பயப்பட மாட்டான். வேற கலர் போடுங்க.”

ஹால் முழுக்க சிரிப்பு. மேடமும் சிரித்துவிட்டார். “பயப்படுத்துறதுக்கு இல்ல சார் இது. தப்பை மறைக்காம சொல்றதுக்கு.”

“தப்பே இல்லாட்டி?”

“தப்பே இல்லாத வேலை ஒண்ணு காட்டுங்க, நான் இந்த ஏற்பாட்டையே மூடிட்டுப் போயிடறேன்.”

நல்ல பேச்சு. ஆனால் எனக்கு அப்போதே ஒன்று தோன்றியது. இவர் வேலையை இன்றைக்கு அவர் பார்க்கப்போகிறார். அவர் வேலையை நாளைக்கு இவர் பார்க்கப்போகிறார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டில் யார், யார் மேல் குறை சொல்வது? நம்ம பிள்ளை அங்கே இருக்கிறாளே என்று வாயை மூடிக்கொள்வார்கள் இல்லையா? மேடத்துக்கும் அது தோன்றியிருக்கிறது போல. அதனால் அவர் சொன்னார், “பாலத்தில் போகப்போகிற ஆள் ஒருத்தரையாவது, இஞ்சினியர் யாரும் பக்கத்தில் இல்லாமல், தனியாகக் கேட்கணும். அது இல்லாமல் கலர் போடக்கூடாது.”

முதல் ஆய்வே எங்கள் பாலம்தான். யாரைக் கேட்பது என்று பேச்சு வந்தபோது ரத்தினவேல் சார் சட்டென்று என் தோளில் கை போட்டார்.

“மேடம், இவரை விட ஆள் கிடையாது. வீடு அந்தக் கரை, வேலை இந்தக் கரை. வீட்டம்மாவை வாரா வாரம் ஆத்தைக் கடந்து கொண்டு போறவரு. இவருக்குத்தான் பாலம்.”

மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என்னைப் போய் ஒரு ஆளாக மதித்துச் சொல்கிறாரே என்று.

“எப்ப பேசலாம் கொம்பையா?” என்றார் மேடம்.

அதற்கும் சார்தான் சொன்னார். “பகல் பூரா அவருக்கு அடுப்படியில வேலை மேடம். நீங்க சாப்பிடும்போது பரிமாறிக்கிட்டே சொல்லுவாரு. நாங்க அத்தனை பேரும் வெளிய போயிருதோம்.”

சொன்னபடி போகவும் போனார்கள். ஹால் கதவைக்கூட சாத்திவிட்டுப் போனார்கள்.

உங்களுக்கு எந்த ஊர்? திருச்சிப் பக்கமா? அங்கே எப்படியோ தெரியாது. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். வந்தவர் இலையில் உட்கார்ந்துவிட்டால் நல்லதைத்தான் பேசணும். சண்டையோ, சாவோ, எதுவாக இருந்தாலும் அவர் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, செருப்பை மாட்டி, நாம் தெருமுனை வரைக்கும் வழியனுப்பப் போவோமே, அப்போதுதான் வாயைத் திறக்கணும். வழியனுப்பப் போவதே அதற்குத்தானே? என் சித்தப்பா ஒருத்தர் மாப்பிள்ளை சாப்பிடும்போது, “பிள்ளைய அடிச்சியளாமே?” என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். மாப்பிள்ளை பாதிச் சோற்றில் எழுந்தவர், பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை. சித்தப்பா மகளையும் மிதிக்க விடவில்லை. இலையில் இருக்கும்போது கேட்டால் அப்படித்தான்.

அன்றைக்குச் சொதி வைத்திருந்தேன். தேங்காய்ப்பால் திரியாமல் நன்றாக வந்திருந்தது. மேடம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார். “சொல்லுங்க கொம்பையா. பாலம் வர்ற இடம் சரியா இருக்கா? உங்க ஊருக்குப் போதுமா?”

“போதும்மா. நல்லா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் சொதி ஊத்தட்டுமா?”

“மழைக்காலத்துல பிரச்சினை ஏதும் வராதே?”

“நீங்க சாப்பிடுங்கம்மா.”

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். நான் வழியனுப்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். வாசலில் இருந்து கேட் வரைக்கும் வேப்ப மரத்தடியில் நல்ல நடை இருக்கிறது. ஒரு பள்ளத்தைப் பற்றிச் சொல்ல அது தாராளம். ஆனால் அவர் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், சார் காரைப் படிக்கட்டோடு ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். கதவையும் அவரே திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். மேடம் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினார். மெட்ராஸில் யாரையும் வழியனுப்ப மாட்டார்கள் போலிருக்கிறது. படிச்ச பொம்பளை, இரண்டு எட்டு நடந்தால் என்ன?

கார் போனபிறகு சார் என்னிடம் வந்தார். “அண்ணே, நீங்க என்ன சொல்லுவியளோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுது.”

“என்ன சார் சொல்லப்போறேன்?”

“அந்தப் பள்ளத்தைச் சொல்லிட்டா செவப்பு போட்டிருப்பாவ. செவப்பு போட்டா வேலை நின்னுரும். இடத்தை எடுக்கப்போனா தோப்புக்காரர் கோர்ட்டுக்குப் போவாரு. கோர்ட்டுல கேஸ் முடியறதுக்குள்ள நீங்களும் இருக்க மாட்டிய, நானும் இருக்க மாட்டேன். முதல்ல பாலம் வரட்டும்ணே. பள்ளத்தைப் பொறவு பாத்துக்கிடலாம்.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வீட்டில் வந்து சொர்ணத்திடம் சொன்னேன். அவள் வீங்கிய காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அந்தம்மா உங்ககிட்ட என்ன கேட்டா?”

“ஊருக்குப் போதுமான்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னிய?”

“போதும்னேன்.”

“வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்திய?”

“அவ சாப்பிட்டுக்கிட்டு இருந்தாளே.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொம்பளைகளுக்கு இதெல்லாம் சொன்னால் விளங்காது.

இரண்டாவது தடவை வந்தபோது தூண் எல்லாம் எழும்பிவிட்டது. அன்றைக்கு நாட்டுக்கோழி. இந்தத் தடவை எப்படியும் காருக்கு முன்னால் நின்றுவிடணும் என்று இருந்தேன். மேடம் இலையில் உட்கார்ந்துகொண்டு அதே கேள்வி, நானும் அதே பதில். அவர் எழுந்ததும் நான் முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே சார், எல்லாரையும் நிற்க வைத்து, ஒரு சால்வையைப் பிரித்து மேடம் கையில் கொடுத்து என் தோளில் போர்த்த வைத்தார். “இவ்வளவு பேருக்கு ஆக்கிப் போட்ட கைக்கு மேடம் கையால ஒரு மரியாதை.” போட்டோ எடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்வானேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறவன் எப்படிக் குறை சொல்வான்? கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கார் கேட்டைத் தாண்டிப் போகிறது.

அந்தச் சால்வையைத்தான் சொர்ணம் இப்போது போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள். மெஷினில் இருக்கும்போது அவளுக்குக் குளிரும்.

பாலம் முடிந்தது. திறப்பு விழாவுக்கு முன்னாலேயே நாங்கள் எல்லாரும் போய்வர ஆரம்பித்துவிட்டோம். பிறகு ஐப்பசி வந்தது.

நான் பங்களாவில் இருந்தேன். இரவெல்லாம் மலையில் இடி. விடிந்ததும் பாலத்துக்கு ஓடினேன். ஆறு இரண்டு கரையும் புரண்டு போகிறது. பாலத்துக்கு ஒன்றும் இல்லை, கம்பீரமாக நிற்கிறது. அதன் மேலேயே நடந்து கிழக்குக் கோடிக்குப் போனேன். அதற்கு மேல் ரோடு இல்லை. பள்ளத்தில் ஆறு ஓடுகிறது. அந்தப் பக்கம் ஏற்றத்தில் ஒரு ஆட்டோ. அதற்குள் சொர்ணம். என் மச்சினன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

நான் பாலத்தில். அவள் ஆட்டோவில். அவள் முகம் எனக்குத் தெரிகிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், ஆனால் தண்ணீர் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவள் கையை வெளியே நீட்டி என்னமோ காட்டினாள். திரும்பிப் போ என்றாளா, வா என்றாளா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மச்சினன் ஆட்டோவைத் திருப்பினான். நான் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய?

அந்த முறை போச்சு. அடுத்த முறையும் போச்சு. பிறகு டிராக்டரில் வைக்கோலைப் பரப்பி, அதில் அவளைப் படுக்கவைத்து, மலையடிவாரம் சுற்றி இங்கே கொண்டு வந்து சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்கப்புறம் சுவரைப் பிடிக்காமல் அவளால் நடக்க முடிவதில்லை.

இந்தச் சித்திரையில் கடைசி ஆய்வு. ஆறு காய்ந்து கிடக்கிறது. ஹாலில் மேடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். “இதுல பச்சைன்னா பாலத்தை ஒப்படைச்சு ஃபைலை மூடிடுவோம். சிவப்புன்னா, என்ன குறையோ அதைச் சரி பண்ணாம மூட முடியாது. யார் தடுத்தாலும்.” யார் தடுத்தாலும் என்று சொல்லும்போது ரத்தினவேல் சாரைப் பார்த்துத்தான் சொன்னார். நல்ல பெண்தான் அவர். இல்லை என்று சொல்லவில்லை.

அதற்கு முந்தின நாள் வீட்டுக்குப் போயிருந்தபோது சொர்ணம் சொன்னாள். “இந்தத் தடவ சொல்லிட்டு வாங்க. சொல்லாம வந்தியன்னா, ஐப்பசியில என்னை ஆட்டோவுல ஏத்தாதிய. கட்டில்லயே கெடந்துட்டுப் போறேன். பாலத்துல நின்னு என்னைப் பாக்க வராதிய.”

நானும் ஒரு யோசனை பண்ணினேன். சிரிக்காதீங்க. இலை இருந்தால்தானே வாய் கட்டும்? அன்றைக்குச் சமைக்கவே இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பங்களாவில் சமையல் இல்லாத நாள் எனக்கு நினைவு தெரிந்து அது ஒன்றுதான். அடுப்படிப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது.

மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. “பரவால்ல கொம்பையா, நான் ரயில்ல பாத்துக்கறேன்” என்றார். அதற்கும் மேலே, “வாங்க, பாலத்தைப் பாத்துட்டு வரலாம், நீங்களும் நானும் மட்டும்” என்று செருப்பை மாட்டினார். பாருங்க, கடவுளாகக் கொடுத்தது. நடை. நானும் அவரும். கார் கிடையாது, சால்வை கிடையாது. மற்றவர்களையெல்லாம் அவரே பங்களாவில் இருக்கச் சொல்லிவிட்டார்.

பாலத்தின் மேல் நடந்தோம். நான் முதலில் ஊரைப் பற்றி, மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். எடுத்த எடுப்பில் குறை சொல்லக்கூடாது இல்லையா. கிழக்குக் கோடிக்கு வந்து, இறங்கி, அந்தப் பள்ளத்தில் நின்றோம். தோப்பு நிழல் அங்கே நன்றாக விழும். காற்றும் வரும். பார்க்கிறவர்களுக்கு அது பள்ளம் என்றே தோன்றாது.

“எவ்வளவு குளுமையா இருக்கு!” என்றார்.

“அம்மா,” என்றேன். “அம்மா, இந்த இடம் இருக்கு பாருங்க. போன ஐப்பசியில என் வீட்டுக்காரி...”

“மேடம்!” என்று சத்தம். ரத்தினவேல் சார், தோப்புக்குள் இருந்து வருகிறார். கிழக்குப் பக்கமாகவே எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ஒரு கையில் அடுக்குத் தூக்கு, ஒரு கையில் தோப்பிலிருந்து அப்போதுதான் அறுத்த வாழை இலை. நுனி இலை.

“கொம்பையாண்ணனுக்கு இன்னைக்கு கேஸ் இல்லைன்னு கேள்விப்பட்டேன். வீட்டுல சொல்லி உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொவையலும் பண்ணிக் கொண்டாந்திருக்கேன். பசியோட உங்கள ரயில் ஏத்தினா எங்க ஊருக்கே அவமானம் மேடம். நான் நிக்கமாட்டேன். வச்சுட்டுப் போயிருதேன்.”

அவர் அந்த இடத்தில், பள்ளத்தின் நடு ரோட்டில், துண்டை விரித்தார். அதன் முன்னால் இலையைப் போட்டார். தண்ணீர் தெளித்தார். மேடம் என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். பாவம், காலையிலிருந்து சாப்பிடவில்லை. என்னால்தான் சாப்பிடவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

“பரிமாறுங்கண்ணே” என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, தோப்போரமாக ஒதுங்கி நின்றார் சார்.

பரிமாறினேன். வேறு என்ன செய்ய?

“ஏதோ சொல்ல வந்தீங்களே கொம்பையா. உங்க வீட்டுக்காரங்களுக்கு என்ன?” மேடம் வாயில் சோற்றோடு அண்ணாந்து கேட்டார்.

“ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கா. நீங்க சாப்பிடுங்க.”

ஆனால் நான் இன்னும் விட்டுவிடவில்லை. அவர் கை கழுவணும், திரும்பப் பாலத்தைத் தாண்டி நடக்கணும், பங்களா வரைக்கும் நடை இருக்கிறது. அதுதான் வழியனுப்புகிற நடை. அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ஆட்டோவுக்குள் இருந்து அவள் கை காட்டியதைக்கூடச் சொல்லலாம். இலையில் சோறு குறைந்துகொண்டே வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி வாய். அவர் இலையைப் பாதி மடித்தார்.

அப்போது பாலத்தின் மேல் கார் வருகிற சத்தம். மேடத்தின் பெட்டியோடு, பயணத்துக்குத் தயாராக, டிரைவர் காரை இறக்கத்தில் கொண்டுவந்து எங்களை ஒட்டி நிறுத்தினார். ரயிலுக்கு நேரமாச்சு மேடம் என்றார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். அவர் கையை இலையிலிருந்து எடுத்து, “கொம்பையா, நிஜமா ஒண்ணும் இல்லையா?” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். மடித்தாச்சு என்றுதான் வைத்துக்கொள்வோமே, சாப்பிட்டாச்சு என்றுதான் வைத்துக்கொள்வோமே என்று திறந்தேன்.

தோப்போரம் நின்ற ரத்தினவேல் சார் வந்து குனிந்து, என் கையிலிருந்து கரண்டியை மெதுவாக வாங்கி, பாதி மடித்த இலையை மறுபடி விரித்து, “ரயில் நிக்கும் மேடம்” என்று சொல்லி, நடுவில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.